துண்டு போட்ட இணையப் பக்கம்

ஒட்டப்பாளையத்தில் மூளையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. வாங்கி என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்த ஊரே பார்த்துச் சிரித்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர்: சென்னியப்பன், ராசப்பன், நாச்சிமுத்து.

அவர்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. எதிரே ஏசி மண்டபம் வந்த பிறகு அதில் வௌவால்கள்தான் குடும்பம் நடத்தின. இந்த ஆவணியில் ஒரு விசேஷமாவது நடக்காவிட்டால் மண்டபத்தை வெல்லக் குடோனுக்கு விடுவதென்று முடிவாகியிருந்தது. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை சென்னியப்பன் மகள் கல்யாணம். கோயமுத்தூர் சம்பந்தியோ, மண்டபத்தை நெட்டில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றுவிட்டார்.

எனவே ஈரோட்டிலிருந்து தாரணி என்ற பெண்ணை வரவழைத்தார்கள். இணையப் பக்கம் செய்வது அவள் தொழில்.

"மண்டபத்தோட போட்டோ, எத்தன பேர் உக்காரலாம், எந்தத் தேதி காலி, போன் நம்பர். இது போதுங்க. வேற எதாச்சும் போடறதுன்னா, பாக்க வர்றவங்கள மனசுல வெச்சு யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

மூவரும் வருகிறவர்களை மனசில் வைத்து யோசித்தார்கள். அதுதான் வினை.

"கல்யாணப் பத்திரிகைய வாங்குனதும் ஒருத்தன் மொதல்ல எதப் பாப்பான்?" என்றார் சென்னியப்பன்.

"அவம் பேரு இருக்குதான்னு பாப்பானுங்ண்ணா" என்றான் ராசப்பன்.

"இல்லாட்டி?"

"சண்டைக்கு வருவான்."

ஒரு பக்கம் என்ன, ஒரு மாநாட்டுப் பந்தலே தாங்காத அளவுக்குச் சொந்தக்காரர்களின் போட்டோ குவிந்தது. நடுவில் எல்லாரையும்விடப் பெரிதாக, காலமாகி இருபது வருஷமான, அவர்களைப் பெற்ற அய்யன், மாலையும் விளக்குமாக. அதற்குக் கீழே, "அனைவரும் வருக."

தாரணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்க பாக்கறதுன்னே தெரியலைங்க. தேவையில்லாததத் தூக்கிருங்க. கொஞ்சம் காலி இடம் விடுங்க. எதுக்காக வந்தாங்களோ அது கிடைக்காம யாரும் திரும்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

தேவையில்லாதது எது? பஞ்சாயத்து கூடியது.

"பெரிய மாமனை எடுத்தறலாமா?"

"ஐயோ, சீர் கொண்டாற மாட்டாரு."

"சின்னத்தை?"

"மண்ண வாரித் தூத்துவா."

"மண்டபத்துப் போட்டோ?"

"மண்டபம் இங்கதான நிக்குது? ஓடியா போயிரும்? அத எடு."

கடைசியில் நாச்சிமுத்து, மூவரிலும் முற்றிய கேஸ், மெதுவாக வாயைத் திறந்தான். "ஏனுங்ண்ணா, இந்த போன் நம்பரு நமக்கு என்ன முறை?"

மூவரும் யோசித்தார்கள். மாமன் முறையுமில்லை, பங்காளியுமில்லை. எடுத்தால் கோபித்துக்கொள்ளாது. எடுத்துவிட்டார்கள்.

இப்போது கொஞ்சம் காலி இடம் கிடைத்தது. சொந்தத்தில் துபாய் மாப்பிள்ளை ஒருவர் மட்டும் இன்னும் போட்டோ அனுப்பவில்லை. சும்மா விட்டால் வேறு எவனாவது வந்து உட்கார்ந்துகொள்வானே என்று ராசப்பனுக்குப் பயம். தோளில் கிடந்த துண்டைப் போட்டோ எடுத்து அந்த இடத்தில் போடச் சொன்னான். தாரணி சொன்னபடியே ஏற்றிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். பிழைக்கத் தெரிந்த பெண்.

மறுநாளே மண்டப வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கையில் பெரிய மாலையோடு சம்பந்தி இறங்கினார். பின்னால் அவர் வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கினார்கள்.

"பக்கத்தப் பாத்ததும் கெளம்பிட்டமுங். துக்கத்தப் போன்ல விசாரிக்கறது முறையில்லையே. அய்யன எங்கீங் கெடத்தியிருக்கீங்?"

"ஒரு நிமிஷம் இருங்" என்று சொல்லிவிட்டு மூவரும் சமையல்கட்டுக்குள் ஓடினார்கள்.

"பக்கம் வேலை செய்யுதுடா!" என்று சென்னியப்பன் பூரித்தார். "ஆனா சாவுக்கு வந்திருக்காங்க. எதுக்காக வந்தாங்களோ அது கெடைக்காம திருப்பி அனுப்பக் கூடாதுன்னு அந்த அம்மிணி சொல்லீட்டுப் போச்சே?"

ஒன்றுமில்லை, படம் பழசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருக்கலாம். அதற்கு மூளை வேண்டுமே! நாச்சிமுத்துவைப் பெஞ்சில் கிடத்தி, முகத்தையும் சேர்த்து வேட்டியால் மூடினார்கள். சம்பந்தி மாலை போட்டார். சாமந்தி வாசம் மூக்கில் ஏறிப் பிணம் தும்மியது.

"இருந்த காலத்துலயே அய்யனுக்குச் சளித் தொந்தரவுங்" என்று ராசப்பன் கண்ணைத் துடைத்தான்.

கிளம்பும்போது சம்பந்தி சென்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்தத் தையில வெச்சுக்கலாமுங். ஆவணி முடியறதுக்குள்ள அய்யன் காரியத்த இந்த மண்டபத்துலயே ஜாம்ஜாம்னு பண்ணீருங்."

ஆவணியில் ஒரு விசேஷம்! மண்டபம் பிழைத்தது. வேன் போனதும் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். உண்மையான ஆனந்தக் கண்ணீர்.

காரியத்தன்று இலை போட்டார்கள். முதல் பந்தியில் ஒரு நாற்காலியில் மட்டும் துண்டு கிடந்தது.

"இது யாரு எடமுங்?" என்றார் சம்பந்தி.

"செத்துப்போன எங்கய்யனுக்குங்" என்றார் சென்னியப்பன். "கை கழுவப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."