சந்தேகத்தின் பலன்

"கோர்ட்டை விட்டு வெளியே வந்தாலும் கொஞ்ச நாளைக்குக் கூண்டு கூடவே வரும், கையை எங்கே வைக்கிறதுன்னு..." விடுதலையான அன்று வக்கீல் பெரியவர் ஏதோ சொன்னார். மிச்சம் பொன்னரசுக்கு நினைவில்லை.

நெல் கிடங்குக்குத் தீ வைத்தான் என்று அவன்மேல் வழக்கு. அந்தக் கிடங்கின் முறைகேட்டை எழுதிய நிருபனே அதைக் கொளுத்துவானா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழு வருஷம் இழுத்து, ஆடியில் விடுதலை. தை பிறந்தும், டீக்கடையில் அவனைக் கண்டால் பேச்சு நிற்கும். அவன் தலை மறைந்ததும் தொடரும்.

உப்பங்கழிக் கரையில் ஒரு கீற்றுக்கொட்டகை. அதில் இருந்த துறவியைச் செங்கமலத்தம்மா என்பார்கள். பொன்னரசைவிட இரண்டு வயது இளையவர். சனிக்கிழமைதோறும் அவன் போய் எதிரே உட்காருவான்.

அன்று மூடுபனி. கழியும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. படகுகள் ஆகாயத்தில் கட்டிப்போட்டவை போல அசைந்தன.

"முகத்துல வெளிச்சம் தெரியுதே" என்றார் அம்மா.

"பழைய பத்திரிகையில திரும்பக் கூப்பிட்டிருக்காங்கம்மா. முதல் செய்தியே தணிகாசலத்தைப் பத்தி."

"யார் அது?"

"கிடங்கு வாட்ச்மேன். 'இவரைத்தான் பார்த்தேன்'னு சாட்சி சொன்ன ஆள். இப்ப நெல் மூட்டை திருடினான்னு அவனையே பிடிச்சுக் கிளைச் சிறையில வச்சிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள எழுதி அனுப்பணும். தலைப்புகூட வச்சாச்சு."

"அதுக்குள்ளயா! அவர்கிட்ட பேசினீங்களா?"

"எதுக்கும்மா? ஊரே சொல்லுது."

"ஊரு ரொம்ப நல்லாச் சொல்லும்."

பொன்னரசுக்குச் சுருக்கென்றது. "தீர்ப்புல என்னை நிரபராதின்னு எழுதலைம்மா. 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை'ன்னு எழுதினாங்க. அந்த ஒரு வரியால இன்னும் பாதிக் குற்றவாளியாத் திரியறேன். எல்லாம் அவன் சொன்ன பொய்யால."

அம்மா பனிக்குள் கையை நீட்டினார். "அங்க வர்றது யாரு?"

"ஒரு பொம்பளை. தலையில குடம்."

"நிச்சயமா?"

"தெளிவாத் தெரியுதேம்மா."

உருவம் நெருங்கியது. பெரிய மீசை. தலையில் சுருட்டி வைத்த வலை.

"கும்பிடறேன்மா. இன்னிக்கு இறால் மட்டம்" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் கடந்து போய்ப் பனியில் கரைந்தார்.

பொன்னரசு வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிடங்கு எரிஞ்ச அன்னிக்கு அங்க ஒரே புகை" என்றான், தனக்குத்தானே.

"சந்தேகத்தின் பலன், ஏழு வருஷம் கழிச்சு உங்க கைக்கு வந்திருக்கு" என்றார் அம்மா. "அதை நீங்க ஒருத்தரேவா அனுபவிக்கப் போறீங்க?"

பொன்னரசு அன்று செய்தி அனுப்பவில்லை. தணிகாசலத்தைப் பார்க்கக் கிளைச் சிறைக்குப் போனான்.