விழியூரின் கதவுகள்

"கோபுரத்தைக் கொளுத்தப் போறேன் தாயே, ஆசி கொடுங்க" என்றான் மாறவேள்.

துறவி வெண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைவிடப் பத்து வயது இளையவள்.

"எந்தக் கோபுரம்?"

"விழியூர்க் காவல் கோபுரம். எங்க ஊர்ல எந்த வீட்டுக்கும் கதவு கூடாதுன்னு அதிபதி சட்டம் போட்டு பதினோரு வருஷமாச்சு. யார் சாப்பிடுறா, யார் அழறா, எல்லாத்தையும் சேவகர்கள் பாக்குறாங்க. புருஷன் பொண்டாட்டி மனசு விட்டு ஒரு வார்த்தை பேச முடியல."

"யாருக்காகக் கொளுத்துற?"

"ஜனங்களுக்காக."

"சரி. நீ போறதுக்குள்ள வேற ஒருத்தன் கொளுத்திட்டான்னா?"

'சந்தோஷம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் முகம் தொங்கிப்போயிற்று.

வெண்ணி அதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். அதில் ஏளனம் இல்லை. அதனாலேயே அவனுக்குத் தாங்கவில்லை.

கொளுத்தவென்று சுமந்து வந்த எண்ணெய்க் குடத்தை இறக்கி வைத்தான்.

"இங்கேயே இருந்துக்கட்டுமா?"

"இரு. கீரை ஆயத் தெரியுமா?"

மாதத்துக்கு ஒருமுறை கேட்பான்: "இப்பப் போகலாமா?"

"எதுக்கு?"

"நான்..." என்று தொடங்குவான். அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவான். தண்ணீர் எடுக்கப் போய்விடுவான்.

அடைமழை வந்தது, போனது. ஒரு மாதம் அவன் கேட்கவே இல்லை. மறந்துபோயிருந்தான்.

"விழியூர் போய் உப்பு வாங்கிட்டு வா" என்றாள் வெண்ணி.

போனான். கோபுரம் அப்படியேதான் நின்றது. மேலே ஆளில்லை. கீழே, தெரு முழுக்கக் கதவுகள். தேக்கு, பனைமட்டை, பழைய வண்டிப் பலகை. ஒரு வீட்டில் வெறும் சிவப்புச் சேலை.

ஒரு தச்சர் வியர்க்க விறுவிறுக்க இழைத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா நடந்துச்சு?"

"ஒரு வீட்டுல பிரசவம். மறைப்புக்குக் கதவு வச்சாங்க. சேவகன் பிடுங்கினான். மறுநாள் பத்து வீட்டுல வச்சோம். அதையும் பிடுங்கினான். அப்புறம் ஊரே வச்சது. பிடுங்கிப் பிடுங்கி அவனுக்குக் கை ஓஞ்சுபோச்சு. கடைசியில சேவகன் பொண்டாட்டியே எங்கிட்ட கதவு கேட்டு வந்து நின்னா! அதிபதி எந்த வழியா ஓடினாருன்னு யாருக்கும் தெரியல."

"முதல்ல வச்சது யாரு?"

தச்சர் இழைப்புளியை நிறுத்தி யோசித்தார்.

"அட, யாருக்குய்யா ஞாபகம்?"

மாறவேளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் நின்று, கண்ணில் நீர் முட்டச் சிரித்தான்.

பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

உள்ளே வளையல் குலுங்கியது.

"யாரது?"

"யாருமில்லம்மா. சும்மா தட்டிப் பாத்தேன்."

"நல்லாத் தட்டுங்கண்ணே" என்றாள் அவள், திறக்காமலே. "இந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு!"