பழுப்பு ஏறாத ஸ்லைடு

"கேன்சர் இல்லன்னு சொன்னா என்ன மேடம்? அந்தம்மா காலையிலிருந்து வாசல்லயே நிக்கிறாங்க."

நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிர்ந்து கேட்டான் பொற்செழியன். நோய்க்குறியியல் மேற்படிப்பு மாணவன்.

பேராசிரியர் எஸ்தர் ராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்றவர் தாயம்மாள். அவர் கணவர் சுடலைமுத்துவின் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. எடுக்க எடுக்க ஊறியது. காசநோய் என்றால் மாத்திரை உண்டு, பிழைத்துக்கொள்வார். புற்று என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நீரில் பருத்த செல்கள் மிதந்தன. புற்றா, அழற்சியில் வீங்கிய நுரையீரல் உறையின் செல்லா? வடிவத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை. அதனால்தான் ஆன்டிபாடிச் சாயம். புற்றுச் செல் இருந்தால் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பழுப்பாகும்; மற்றது நீலமாகவே இருக்கும்.

"ஒரு பொட்டுப் பழுப்புகூட இல்ல மேடம். எல்லாம் நீலம்."

"சந்தோஷம்."

"கிண்டல் பண்றீங்க."

"இல்லப்பா. அந்த மனுஷன் பிழைக்கணும்னுதான் எனக்கும். கன்ட்ரோல் ஸ்லைடைப் பார்த்தியா?"

"அது ஏற்கெனவே கேன்சர்னு உறுதியான திசு மேடம். கூடவே அதே சாயம் போட்டது, எப்பவும் பழுப்பாத்தான் இருக்கும். அதுல பார்க்க என்ன இருக்கு?"

எஸ்தர் தட்டிலிருந்து அதை எடுத்து அவனுடைய நுண்ணோக்கியில் வைத்தார்.

பொற்செழியன் குனிந்தான். திருகைத் திருப்பினான். மறுபடியும் திருப்பினான்.

நீலம். விளிம்புமுதல் விளிம்புவரை நீலம்.

"யாரோட திசு?" என்று கேட்டார் எஸ்தர்.

"அன்னக்கிளின்னு ஒரு அம்மா. போன வருஷம் இங்கதான் சிகிச்சையில இருந்தாங்க."

"இப்ப?"

"கேன்சர்லயே இறந்துட்டாங்க மேடம்."

கதவு இலேசாகத் திறந்தது. தாயம்மாள் தலையை மட்டும் நீட்டினார்.

"டாக்டர் தம்பி, நல்ல சேதிதான? முன்ன எட்டிப் பார்த்தப்ப சிரிச்ச முகமா இருந்தீங்க. அதான் அவருகிட்டச் சொல்லிப்புட்டேன். ரெண்டு நாளா சாப்பிடாத மனுஷன், இட்லி கேட்டாரு."

அவன் மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தான். "கொஞ்சம் இருங்கம்மா" என்று எஸ்தரே கதவைச் சாத்தினார்.

பிறகு, தாழ்ந்த குரலில்:

"போய்ச் சொல்லு. அப்படியே அன்னக்கிளியோட மகனையும் தேடிப் போய், உங்கம்மாவுக்கும் கேன்சரே இல்லன்னு சொல்லிட்டு வா."