எந்தக் கலமும் தப்பாது

"இந்தச் சட்டத்திலிருந்து நாட்டில் ஒரு கலமும் தப்ப முடியாது!"

முன்னொரு காலத்தில் ஓர் அரசவையில் இப்படி முழங்கியவர் தலைமை அமைச்சர் வல்லபராயர். முந்தின வாரம் யாரோ வண்டியில் திறந்துவைத்திருந்த கள் குலுங்கித் தெறித்து அரசரின் மீசையை நனைத்துவிட்டது. அரச மீசை நனைந்தபின் சட்டம் வராமல் இருக்குமா? வந்தது.

'கள் உள்ள கலம் எதுவும் வண்டியிலோ பொதுவிடத்திலோ வாய் திறந்திருக்கலாகாது. மீறினால் நாடு கடத்தல்.'

'எதுவும்' என்ற சொல்லை மட்டும் அமைச்சர் மூன்று நாள் யோசித்துச் சேர்த்தாராம்.

மறுவாரம் விகடன் சடையாண்டி மாமனார் ஊருக்கு வண்டி கட்டினான். வண்டியில் ஒரு கலயம் கள், வாயில் துணிக்கட்டு. அவன் பேச்சுக்கு அரசர் சிரிக்கும்போதெல்லாம் வயிறெரிபவர் வல்லபராயர். கோட்டைவாசலில் வண்டியை மறித்தார்.

"என்னடா இது, கலயத்துக்குக் கோவணமா?"

"கலயத்துக்கும் மானம் இருக்குங்களே, சாமி."

"அவிழ்டா, சோதிக்கணும்!"

சடையாண்டி அவிழ்த்து, துணியை இடுப்பில் செருகிக்கொண்டான். அமைச்சர் சோதித்தார். பாதிக் கலயம் தீரும்வரை சோதித்தார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு, "காவலர்களே! திறந்த கலயம்! பிடியுங்கள் இவனை!" என்று கத்தினார்.

வண்டியோடு சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சடையாண்டி, சட்டம் சட்டம்தான். நாளை நீ நாட்டில் இருக்கக் கூடாது. சொல்ல ஏதேனும் உண்டா?" என்றார் அரசர்.

"ஒன்றுமில்லை, மன்னா. புறப்படும்போது கலயம் கழுத்துவரை இருந்தது. இப்போது பாதி. மீதி வேறொரு கலத்துக்கு மாறிவிட்டது. போகும்போது அதையும் துணைக்கு அனுப்பினால் போதும்."

"எங்கே அந்தக் கலம்?"

"இந்தச் சபையில்தான். வாய் திறந்தால் தானே தெரியும்."

"பொய், மன்னா! பச்சைப் பொய்!" என்று பாய்ந்து வந்து அரசர் முகத்தருகே கத்தினார் வல்லபராயர்.

சாமரம் வீசியவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அரசரின் மீசை ஒருமுறை துடித்தது.

"அமைச்சரே, 'எதுவும்' என்று எழுதியது யார்?"

பதில் சொல்ல வாய் திறக்க வேண்டும். திறந்தால் நாடு கடத்தல்.

அரசர் அரியணை குலுங்கச் சிரித்தார். சடையாண்டியின் தண்டனையை ரத்துசெய்து, அரண்மனை வெள்ளைக் காளை இரண்டை அவன் வண்டியில் பூட்டச் சொன்னார். சடையாண்டி இடுப்பிலிருந்த துணியை எடுத்துப் பணிவாக நீட்டினான்.

அமைச்சர் அதை வாங்கி, சத்தமில்லாமல், மூக்குக்குக் கீழே இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டார்.