பெல்ட்டுக்குப் போட்ட சோப்பு

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறை. அதன் மேஸ்திரி அபுதாகிர். அவருக்கு ஒரே ஒரு சீடர், செங்கோடன். சீடர் மேஸ்திரியைவிட இருபது வயது மூத்தவர். ஆயுள் முழுக்க லாரி ஓட்டினவர், பார்வை மங்கிப்போனதும் ஸ்பானர் பிடிக்க வந்துவிட்டார். மேஸ்திரி அவரை அண்ணா என்று கூப்பிடுவார். அவர் மேஸ்திரியை மேஸ்திரி என்பார்.

ஒரு காலை, ஒரு லாரி அலறிக்கொண்டே பட்டறைக்குள் வந்தது. இன்ஜின் முன்பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். தெருவில் போன நாய் திரும்பிப் பார்த்தது.

டிரைவர் சின்ராசு குதித்து இறங்கினான்.

"ஏனுங் மேஸ்திரி, வீட்ல பொண்டாட்டி கத்தறான்னுதான் வண்டி ஏறுனேன். இங்கயும் ஒருத்தி கத்தறா. எங்கதான் போறது?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. செங்கோடனைப் பார்த்தார். செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கோடனின் மனைவி பாவாயி பக்கவாதம் வந்து படுத்துப் பல மாதம் ஆகிவிட்டது. பேச்சு போய்விட்டது. அலறல் மட்டும் மிச்சம். சின்ராசுவுக்கு அது தெரியாது.

"நீங்க பாருங்கண்ணா" என்றார் மேஸ்திரி.

செங்கோடன் கை கழுவுகிற இடத்துக்குப் போய் சோப்புக் கட்டியை எடுத்து வந்தார். பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். இன்ஜின் ஓட ஓட, சுற்றுகிற பெல்ட்டில் சோப்பைத் தேய்த்தார். சத்தம் நின்றது.

"அடேங்கப்பா!" என்றான் சின்ராசு. "வாய்ல துணி வச்ச மாதிரி அடங்கிருச்சே. நான் கெளம்பறேனுங்."

"ஒரு டீ குடிச்சிட்டுப் போ" என்றார் மேஸ்திரி.

டீ வந்தது. பாதி டம்ளர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். லாரி மறுபடி கத்தியது. முன்னைவிடப் பெரிதாக.

செங்கோடன் சோப்பைத் தேடினார்.

மேஸ்திரி அவர் கையில் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார்.

"முனையை இன்ஜின் பாகத்துமேல வைங்க. பிடியைக் காதுல வைங்க. சுத்தற ஃபேன் பக்கம் போகாம ஒவ்வொண்ணாக் கேளுங்க."

செங்கோடன் டைனமோவில் வைத்தார். தண்ணி பம்பில் வைத்தார். பிறகு, பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் டென்ஷனரின் போல்ட்டில் வைத்தார். சட்டென்று காதை எடுத்துக்கொண்டார்.

"என்ன?"

"உள்ளே மண்ணு அரைக்குதுங்க. பேரிங் போயிருச்சு."

"பெல்ட்டு?"

"அது ஒண்ணும் பண்ணலீங்க."

"அப்ப சோப்பை யாருக்குப் போட்டீங்க?"

செங்கோடன் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்ஜினை நிறுத்தினார்கள். செங்கோடன் நீளக் கம்பியை மாட்டி டென்ஷனரின் கையை நெம்பினார். ஸ்பிரிங் திமிறியது.

"விட்டுறாதீங்க. அடிச்சிரும்."

மேஸ்திரி பெல்ட்டை உருவி எடுத்தார். பிறகு இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டார். கீச்சுச் சத்தம் சுத்தமாக இல்லை. செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு சுகமா இருக்கு மேஸ்திரி. இப்படியே விட்டா ஓடாதுங்களா?"

"ஓடும். கொஞ்ச தூரம். தண்ணி பம்பு சுத்தாது, இன்ஜின் வெந்துரும்."

மேஸ்திரி இன்ஜினை நிறுத்தினார். புது டென்ஷனரை வாங்கி வரச் சொல்லி சின்ராசுவைக் கடைக்கு அனுப்பினார். அவன் போனதும் கேட்டார்.

"நேத்து வீட்ல அக்கா தூங்குனாங்களா?"

"தூங்குனா. ரெண்டு தூக்க மாத்திரை குடுத்தேன்."

"டாக்டர் எத்தனை சொன்னாரு?"

"ஒண்ணு."

மேஸ்திரி டென்ஷனரின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"காலையிலயும் ஒண்ணு குடுத்துட்டுத்தானுங்க வர்றேன். அக்கம் பக்கத்துல சண்டைக்கு வர்றாங்க. என் மச்சினிச்சி வந்து ஒரு நாள் பாத்துட்டு, அடுத்த பஸ்ஸுக்கே ஓடிட்டா. நான் எங்கே ஓடறது?" செங்கோடன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டார். உள்ளே மாத்திரை அட்டை நெளிந்தது. "இன்னைக்கு இதை மொத்தமாக் குடுத்துரலாம்னு இருக்கேன் மேஸ்திரி. அவளுக்கும் விடுதலை. எனக்கும் விடுதலை."

மேஸ்திரியின் ஸ்பானர் நின்றது.

அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "எங்கிருந்து கத்தறாங்க?"

"இது என்ன கேள்விங்க? வாயிலிருந்துதான்."

"இந்த வண்டி?"

செங்கோடன் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த பெல்ட்டைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்கண்ணா" என்றார் மேஸ்திரி. "வண்டி நிக்கட்டும். நீங்க வந்துதான் மாட்டணும். பாக்கெட்டுல இருக்கறதை இங்கே வச்சிட்டுப் போங்க."

செங்கோடன் அட்டையை டூல் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார்.

சின்ராசு புது டென்ஷனருடன் வந்து நின்றான். கத்தினான்.

"லோடு ஏத்தி நிக்குதுங்க மேஸ்திரி! நாலு போல்ட்டு மாட்ட ஒரு பெரியவருக்காகக் காத்திருக்கணுமா? நீங்களே மாட்டக் கூடாதா? கை வலிக்குதா?"

"ஆமா. வலிக்குது" என்றார் மேஸ்திரி.

சின்ராசு முணுமுணுத்தபடி கேபினில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

வெயில் சாய்கிற நேரத்தில் செங்கோடன் வந்தார். நடை தளர்ந்திருந்தது. கையைக் கழுவப் போனவர் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். மேஸ்திரி போய்க் குழாயை மூடினார்.

"அவ முதுகுல புண்ணுங்க" என்றார் செங்கோடன்.

மேஸ்திரி அவர் பக்கம் திரும்பினார்.

"இடுப்புக்குக் கீழே. உள்ளங்கை அகலம். குழியா. சேலை அதோட ஒட்டிக் கெடக்குது. எலும்பு தெரியுதுங்க மேஸ்திரி."

"இதுக்கு முந்தி பாத்ததில்லையா?"

"முகம் தொடைப்பேன். கஞ்சி ஊத்துவேன். ஈரம் பண்ணா அடியில துணியை உருவிட்டு வேற துணி சொருகுவேன். புரட்ட மாட்டேன். புரட்டுனாக் கத்துவா. கத்தறாளேன்னுதானுங்க புரட்டாம விட்டேன்."

லாரி கேபினில் சின்ராசு எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"நர்சம்மாவைக் கூட்டியாந்து காட்டுனேன். இது இனி ஆறாதுன்னாங்க. ஆனா தெனம் கழுவிக் கட்டணுமாம். ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடணுமாம். இல்லாட்டி அடுத்த பக்கமும் வந்துருமாம்."

"ம்."

"பச்சைப் புண்ணைக் கழுவுனப்ப அவ கத்துன கத்து..." செங்கோடன் நிறுத்தினார். "அது வாயிலிருந்து வரலீங்க."

மேஸ்திரி நீளக் கம்பியை எடுத்து நீட்டினார். செங்கோடன் வாங்கிக்கொண்டார். புது டென்ஷனரை வைத்து முடுக்கினார்கள். செங்கோடன் ஸ்பிரிங்கை நெம்பிப் பிடித்தார். அது திமிறியது. அவர் விடவில்லை. மேஸ்திரி பெல்ட்டை ஒவ்வொரு கப்பியாகச் சுற்றி மாட்டினார்.

"விடுங்க. மெதுவா."

செங்கோடன் மெதுவாக விட்டார்.

லாரி ஓடியது. சத்தம் இல்லை.

சின்ராசு கேபினிலிருந்து இறங்கி வந்து செங்கோடன் முன்னால் நின்றான். "வர்றேனுங்க பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். லாரி மேம்பாலத்தில் ஏறும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கழற்றிப் போட்ட பழைய டென்ஷனரை செங்கோடன் குனிந்து எடுத்தார். கப்பியை விரலால் சுற்றிவிட்டார். அது கரகரவென்று அரைத்தபடி சுற்றி நின்றது.

"இதுக்கு மாத்து இருந்துச்சு" என்றார்.

மேஸ்திரி டூல் பெட்டிமேல் இருந்த அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைக் கத்தரித்து செங்கோடன் கையில் வைத்தார். மீதியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு?"

"நாளைக்கு வாங்க. நாளைக்கு ஒண்ணு தர்றேன்."

செங்கோடன் அந்த ஒற்றை மாத்திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்ணு பத்தாதுங்க மேஸ்திரி. ராத்திரி பூரா கத்துவா."

"கத்துவாங்க" என்றார் மேஸ்திரி. "திருப்பிப் போடுங்க."