குடையை மடக்காத பொறியாளர்

வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் கடைசி மாடியில் துணி தைத்துப் பிழைப்பவள் ரஞ்சிதம். அவள் வீட்டுக் கூரையை வாரியத்து ஆட்கள் மூன்று தடவை பழுதுபார்த்தார்கள். அப்படியொரு பழுதுபார்ப்பு! அதுவரை சமையலறையில் சொட்டிய தண்ணீர், அதற்குப் பிறகு தையல் மெஷின் தலையிலேயே கொட்டியது. மெஷின் துருப்பிடித்து நின்றது, பிழைப்பும் நின்றது. நஷ்டஈடு கேட்டு ஏழு மனு போட்டாள்.

ஒரு அடைமழை நாளில் வாரியப் பொறியாளர் தணிகாசலம் வந்தார். வீட்டுக்குள் வந்தும் குடையை மடக்கவில்லை. குடைக்கடியிலேயே ஃபைலைத் திறந்தார்.

"பழுது பார்த்தாச்சும்மா. கூரை ஒழுகலைன்னு ஃபைல்லயே இருக்கு. ஒழுகாத கூரைக்கு ஏது நஷ்டஈடு?"

"நீங்க சொன்னா சரிதான் சார்," என்று மெஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள் ரஞ்சிதம். "அப்போ குடையை மடக்கிட்டு, உட்கார்ந்து கூரை ஒழுகலைன்னு கையெழுத்துப் போடுங்க."

வீராப்பாக மடக்கினார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் கூரை பொத்துக்கொண்டு ஊற்றியது. ஃபைல் முழுக்கப் பச்சைக் குழம்பு.

"ஐயோ, ஆபீஸ் ஃபைல்! எப்படி நனைஞ்சதுன்னு மேலிடத்துக்கு எழுதணுமே!" என்று அலறினார்.

"கூரை ஒழுகுச்சுன்னு எழுதுங்க சார்," என்று துடைக்கத் துணி நீட்டினாள் ரஞ்சிதம். "அப்படியே கீழே என் மெஷினையும் சேர்த்துடுங்க. ரெண்டையும் நனைச்சது ஒரே ஓட்டைதான்."