தேரைத் தடுத்தவர் யார்?

மணலூற்று என்றொரு ஊர். அங்கே தேரோட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வடம் பிடிக்க வேண்டும். பிடிக்காத வீட்டுக்கு அடுத்த வருஷம் முதல் வடத்தில் இடமில்லை. அதனால், போன ஆவணியில் கணவனை இழந்த தங்கபுஷ்பம் தானே வந்து வடத்தைப் பிடித்தாள்.

தேர் அசையவில்லை. முட்டுக்கட்டையை எடுத்தாயிற்று. சக்கரத்தடியில் பள்ளமும் இல்லை, கல்லும் இல்லை. இழுக்கிறவர்கள் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் கலைந்து பறந்தன. வடம் மட்டும் நடுவில் தொய்ந்து கிடந்தது.

"தாலியறுத்தவ கை பட்டா சாமி எப்படி நகரும்?" என்றாள் பின்னால் நின்ற ஓரகத்தி வெயிலாட்சி.

"ஆள் பத்தல," என்றார் தர்மகர்த்தா. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களையும் வடத்தில் சேர்த்தார். தோளோடு தோள் இடித்தது. தேரோ நின்ற இடத்திலேயே நின்றது. எல்லார் கண்ணும் தங்கபுஷ்பத்தின் மேல் திரும்பியது.

"இன்னும் ஒரு தடவை பாப்போம். நகரலேன்னா நீ விட்டுரும்மா," என்றார் தர்மகர்த்தா.

தங்கபுஷ்பம் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை சிவக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவள் கையும் அப்படித்தான் இருந்தது.

"ஐயா, வெளியூர் ஆளுக விலகட்டும். நாம தெருவாரியா நிப்போம். ஒவ்வொரு தெருவையும் பேரு சொல்லிக் கூப்பிடுங்க."

"ஆள் பத்தலங்கேன், விரட்டச் சொல்றியே!"

"நகரலேன்னா நானே போயிடறேன்யா."

வெளியூர்க்காரர்கள் விலகினார்கள். "கீழத்தெரு!" என்று கூவினார் தர்மகர்த்தா. வடம் லேசாக நிமிர்ந்தது. "வடக்குத்தெரு, என்ன தூக்கமா?" என்றதும் சிரிப்போடு இன்னொரு இழுப்பு. "மேலத்தெரு!" என்றபோது, "ஏய் தங்கம், விட்டுராதடி, இழு!" என்று கத்தியது வெயிலாட்சிதான். வடம் விறைத்தது. தேர் முனகிக்கொண்டே உருண்டது.

கேட்டவர்களே, சொல்லுங்கள். ஆள் கூடியபோது அசையாத தேர், ஆள் குறைந்ததும் ஓடியது. அப்படியென்றால் முதலில் அதைத் தடுத்து நின்றவர் யார்?

விடை: வடம் பிடித்த எல்லாரும்தான், தங்கபுஷ்பமும் சேர்த்து. இத்தனை பேர் இருக்கிறார்களே என்று ஒவ்வொரு கையும் தன்னையறியாமல் தளர்ந்தது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. முழு மூச்சாய் இழுப்பதாகவே நம்பினார்கள். தெருப்பேர் காதில் விழுந்ததும்தான், நாம் இழுக்காவிட்டால் தெரியும் என்று கைக்கு உறைத்தது. அடுத்த வருஷம் மேலத்தெருவுக்குக் குரல் கொடுக்கப் போவது தங்கபுஷ்பம்.